இறக்கை மேல் நின்ற ஆள்

போன வாரம் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். ஏதோ ஒரு மாடி வீட்டிலிருந்து விளக்கெண்ணெய் கருகும் வாசனை வந்தது. தலைக்குத் தேய்க்கக் காய்ச்ச வைத்துவிட்டு யாரோ அடுப்பை மறந்திருக்கிறார்கள். கனமான வாசனை. வெயிலில் காய்ந்த தோல் செருப்பும் கொஞ்சம் வெல்லப்பாகும் சேர்ந்து எரிவது போல.

என் வயதுக்காரர்களுக்கு விளக்கெண்ணெய் என்றால் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வரும். எனக்கு வருவது வேறு. கட்டைவிரல் அளவு எஞ்சின் ஒன்று, அதன் சீறல். ஆனேக்கல் பக்கம் வேலை நின்றுபோன ஒரு கல்குவாரி, அதில் பாட்டில் பச்சையில் தேங்கி நின்ற மழைநீர். அந்த நீரில் ஓர் ஆறடிக் கப்பல். கரையில், இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு நின்ற என் தங்கை கணவர் குமரேசன்.

அந்தக் கைகள் வெளியே வருமா வராதா என்பதுதான் அன்றைக்கு விஷயம். கப்பலும் விமானமும் அதற்கு அப்புறம்.

கடல் இல்லாத ஊரில் ஒரு கப்பல்

கப்பலைக் கட்டியவர் அருள்தாஸ். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். விமான பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் டிராயிங் போடுகிற வேலை. அதே கம்பெனியில் நான் மேனுவல் எழுதுகிறவன். போல்ட்டை எந்தப் பக்கம் எத்தனை சுற்று திருக வேண்டும் என்று பகலில் எழுதுவேன். மாலையில் வீட்டுக்கு வந்து மேகத்தைப் பற்றி எழுதுவேன். இரண்டிலும் வார்த்தையைக் குறைக்கச் சொல்லித்தான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

நாலு வருஷம் அந்தக் கப்பல் அருளின் முன்னறையில் கிடந்தது. வருகிறவர்களெல்லாம் கேட்ட ஒரே கேள்வி, பெங்களூரில் இருந்துகொண்டு கப்பல் எதற்கு. அவர் மனைவி பிலோமினா அந்தக் கேள்வியைக் கேட்பதை இரண்டாம் வருஷமே நிறுத்திவிட்டார். அதன்மேல் துணி காயப்போட ஆரம்பித்தார்.

சாதாரணக் கப்பலாக இருந்தாலாவது பரவாயில்லை. இது கடல்விமானங்களைச் சுமந்துபோன போர்க்கப்பல். நீளமாக ஓடுதளம் விரித்த பெரிய விமானந்தாங்கிகளை எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்கு முன்னால் வந்தவை இவை. முதல் உலகப் போர்க்காலத்தில் பயணிகள் படகுகளைப் பிடித்து, பின்பக்கம் கொட்டகை கட்டி, உள்ளே இறக்கை மடக்கிய விமானங்களை அடுக்கினார்கள். சக்கரம் இல்லாத விமானங்கள். சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகள், இரண்டு சின்னத் தோணிகள் போல.

பறக்க வேண்டும் என்றால் கப்பல் நிற்கும். கிரேன் விமானத்தைத் தூக்கி நீரில் வைக்கும். அது அலையில் துள்ளித் துள்ளி ஓடி எழும். சில நாள் எழாது. அலை மிதவையை உடைக்கும், எஞ்சின் முரண்டு பிடிக்கும், வைத்ததை அப்படியே திரும்ப எடுத்து வைப்பார்கள். எழுந்தது திரும்பி வந்தால் அதற்கு இறங்க இடம் வேண்டுமே. கடலில் எங்கே இடம்? கப்பல் காற்றுக்குக் குறுக்கே திரும்பும். தன் உடம்பால் காற்றை மறைக்கும். மறைந்த பக்கத்தில் கொஞ்ச நேரம், கொஞ்ச தூரம், அலை அடங்கித் தண்ணீர் தேய்த்த கண்ணாடி போல ஆகும். அந்தத் துண்டு அமைதியில் விமானம் வந்து இறங்கும். பிறகு கிரேன்.

இதை அருள் முதன்முதலில் சொன்ன சாயங்காலம் எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஓர் இரும்புக் கப்பல், தான் பெற்ற பறவை இறங்குவதற்காகக் குறுக்கே படுத்துக்கொடுக்கிறது. நான் எழுதிக் கிழித்த எந்த வரியிலும் அவ்வளவு இருந்ததில்லை.

இந்த ஊருக்கும் கடல்விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அருள் நிமிர்ந்து உட்காருவார். இரண்டாம் போர்க்காலத்தில் பெரிய பறக்கும் படகுகள் பழுதுபார்க்க இங்கே வந்தன. இறங்கிய இடம் பெல்லந்தூர் ஏரி. இன்று நுரை பொங்கி ரோட்டுக்கு வருகிறதே, அதே ஏரி. அங்கே இறங்கிய ஒன்றைக் கயிறு கட்டி இழுத்த கூட்டத்தில் தன் அப்பாவும் இருந்தார் என்பார். “கடல் இங்க வரல மேன். கடல்ல எறங்கறது வந்துச்சு. அது போதாதா” என்பார். எனக்குப் போதும்.

மூன்று ரிமோட், இரண்டு ஆள்

கப்பல் முடிந்தது. அதன் விமானத்தை நான் செய்தேன். இரண்டடி இறக்கை, பஞ்சு போல் லேசான பால்சா மரம். அளவு விகிதம் பார்த்தால் கப்பலுக்கு அதுவும், அதைத் தூக்க அருள் நட்ட நாலடிக் கிரேனும் பெரிது. பறக்கிற எஞ்சினை அதைவிடச் சின்னதாக யாரும் செய்வதில்லை என்பதால் அந்தப் பாவத்தை இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். எஞ்சினுக்கு ஊற்றும் எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். வாசனைக்குக் காரணம் அதுதான்.

கப்பல் ஓட்ட ஒரு ரிமோட். விமானத்துக்கு ஒன்று. கிரேனுக்குத் தனியாக ஒன்று. நாங்கள் இரண்டு பேர்.

அந்த நேரத்தில்தான் பொம்மனஹள்ளியிலிருந்து தங்கை தேன்மொழி போன் செய்தாள். அவள் ஒரு கார்மென்ட்ஸில் வேலை பார்க்கிறாள். மதிய இடைவேளையில் பேசினால் பின்னால் தையல் மெஷின்கள் அடங்கிய அமைதி கேட்கும். அன்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அண்ணா, ஞாயித்துக்கெழம அவர எங்கனா கூட்டினு போ. வூட்ல படுத்துனு ஃபேன் சுத்தறதயே பாக்கறாரு.”

குமரேசன் டவர் கிரேன் ஆபரேட்டர். மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் பன்னிரண்டு மாடி உயரத்துக் கூண்டில் உட்கார்ந்திருப்பவர். காலையில் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுப் பையும் தோளில் மாட்டிக்கொண்டு ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். அந்த உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தவர்களுக்கு ஒரு நடை வந்துவிடும். அவருக்கும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அண்ணாந்து சீலிங்கைப் பார்ப்பார், யாராவது எதையாவது தலைக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறார்களா என்று.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள். கம்பிக் கட்டு ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தபோது எதிர்பாராத காற்று. கட்டு திரும்பி, வீசிக்கொண்டு போனது. கீழே கொக்கி மாட்டிவிட்டு நின்ற ரிக்கர் நாகராஜ் தரையில் விழுந்து படுத்துவிட்டான். கம்பிமுனை ஹெல்மெட்டைத் தட்டிவிட்டுப் போனது. ஒரு கீறல் இல்லை. குமரேசன் கம்பிக் கட்டைப் பத்திரமாகத் தரையில் வைத்தார், மெஷினை நிறுத்தினார், ஏணியில் இறங்கினார். அதன்பின் ஏறவில்லை.

யார் பேரிலும் தப்பில்லை என்று விசாரித்துச் சொல்லிவிட்டார்கள். நாகராஜே வந்து தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தான். அவரை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள், கிளவுஸும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்க. ஒரு தரம் நான் கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்:

“எவனும் என்ன திட்டல மச்சான். அதான்.”

இப்போது சைட் இன்சார்ஜ் கெடு வைத்திருந்தார். புது ஆபரேட்டர் ஒருவரை வரச் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை காலை குமரேசன் ஏறினால் கூண்டு அவருக்கு. ஏறாவிட்டால் இனி ஸ்டோர்தான். தேன்மொழி எனக்கு போன் செய்தது வெள்ளிக்கிழமை.

கிரேனுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். வந்தார். அருளின் ஆம்னி வேனில் கப்பலின் பின்பகுதியை மடியில் வைத்துக்கொண்டு ஓசூர் ரோடு முழுக்கப் பேசாமல் வந்தார். குவாரிக்கரையில் ரிமோட்டை நீட்டினேன். கையை பாக்கெட்டில் விட்டார்.

“நீங்களே போடுங்க மச்சான். நா பாக்கறேன்.”

குளியலறையில் காற்று இல்லை

குவாரிக்குக் காவலாக ஒரு பெரியவர் இருந்தார். கப்பலைப் பார்த்து “ஹடகா?” என்று கன்னடத்தில் கேட்டார். “கப்பலேதான்” என்று தமிழில் சொன்னார் அருள். இருவருக்கும் திருப்தி. அவர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டார்.

அந்தக் காலை வெளிச்சத்தை இப்போதும் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கிறது. வெட்டிய கல்சுவர்கள் மூன்று பக்கம். நாலாவது பக்கம் இறங்கிப்போகிற மண்பாதை. கரையோரம் இடுப்பளவு ஆழத்தில் அகலமான ஒரு கல்திட்டு, அதற்கு அப்பால் ஆழம் யாருக்கும் தெரியாது. நீரில் மேகம் ஒன்று நகர்ந்தது, மேலே நகர்வதைவிட நிதானமாக.

எஞ்சினைச் சுண்டினேன். சீறிப் பிடித்தது. வாசனை கிளம்பியது. விமானம் கப்பலுக்குப் பக்கத்திலிருந்து ஓடி, இரண்டு வெள்ளைக் கோடு இழுத்து, கோடுகளை நீரிலேயே விட்டுவிட்டு எழுந்தது. அருள் பைத்தியம் போல் சிரித்தார். கல்சுவரைத் தொட்டுத் திரும்பும் எஞ்சின் சத்தம், ஒன்று மூன்றாகி, குவாரி முழுக்கத் தேனீ. எரிபொருள் தீரும் வரை நாலு சுற்று. பிறகு சத்தம் அறுந்தது. காற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, திட்டுக்கு மேலே இருந்த நீரில் உட்கார்ந்தது.

இனி எடுக்க வேண்டும். கப்பலை நான் பக்கத்தில் கொண்டுபோனேன். அருள் கிரேன் ரிமோட்டை எடுத்தார்.

அவர் செய்த ஏற்பாடு இது. கொக்கியின் நுனியில் காந்தம். விமானத்தின் நடு இறக்கை மேல் இரும்பு வளையம். கொக்கி இறங்கினால் காந்தம் வளையத்தைக் கவ்வும். அவர் வீட்டுக் குளியலறைத் தொட்டியில் இருபது தடவை செய்து பார்த்தோம். இருபது தடவையும் கவ்வியது.

குளியலறையில் காற்று அடிப்பதில்லை. அதை யோசிக்க எங்களுக்கு நாலு வருஷம் போதவில்லை.

கொக்கி இறங்கியது, ஆடியது, வளையத்தைத் தாண்டிப் போனது. திரும்பி வந்து இறக்கையின் துணியைக் குத்தியது. ஐந்தாறு முறை. அதற்குள் ஒரு மிதவை ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்தது. அதன் ஒட்டு விட்டிருக்கிறது, நீர் உள்ளே போகிறது. விமானம் கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டின் விளிம்பை நோக்கி நகர்ந்தது. அதற்கு அப்பால் போய் மூழ்கினால் மூழ்கியதுதான்.

“யார் மாட்டறது?” என்றார் குமரேசன். முதல் தடவையாக ஒரு கேள்வி.

காந்தம் மாட்டும் என்றார் அருள்.

“காந்தம் இல்ல சார். ஆளு. மாட்டற ஆளு எங்க?”

அருள் தன் டிராயிங் பையைத் திறந்து பழைய புகைப்படத்தின் நகலை எடுத்துக் காட்டினார். இதைப் பார்த்துத்தான் கப்பல் முழுக்கக் கட்டினேன், இதில் இருக்கிற ஒவ்வொரு ஆணியும் என் கப்பலில் இருக்கிறது என்றார். கப்பலின் பக்கவாட்டில் மிதக்கும் கடல்விமானம். மேலே கிரேனின் கொக்கி. விமானத்தின் மேல் இறக்கையில் ஒருவன் கால் அகட்டி நின்றுகொண்டு கையைத் தூக்கியிருக்கிறான்.

குமரேசன் ஒரு கையை வெளியே எடுத்து அந்த ஆள்மேல் விரலை வைத்தார்.

“இவன் இன்னா பண்றான்னு நெனச்சீங்க?”

அவன் போட்டோவுக்கு நிற்கிறான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். திரும்பி வந்த சந்தோஷத்தில் கையாட்டுகிறான் என்று நான் ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன். நாலு வருஷமும் ஆணிகளை எண்ணியவர்கள் ஆளை அலங்காரம் என்று விட்டுவிட்டோம்.

“ரிக்கர் சார் இவன். கொக்கிய மாட்டறவன்” என்றார் குமரேசன். “அந்த அலைல, இறக்க மேல ஏறி நின்னு.”

தூக்கச் சொல்ல ஒருத்தன்

சட்டையைக் கழற்றிவிட்டு அவரே இறங்கினார். எங்களுக்கு வேலை மிச்சம் என்றுதான் நான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. ரிமோட் லீவரைத் தொடுவதற்குப் பதில் அவர் தண்ணீரில் இறங்கச் சம்மதித்திருக்கிறார். தெரியாத ஆழத்தின் விளிம்பு அவருக்கு அதைவிடச் சுலபம்.

இடுப்பளவு நீரில் நடந்துபோய் விமானத்தைப் பிடித்தார். ஆடும் கொக்கியைக் கையால் நிறுத்தி வளையத்தில் மாட்டினார். மாட்டிவிட்டுக் கையை எடுப்பதற்குள் அருள் லீவரை இழுத்துவிட்டார். உற்சாகம்தான், வேறொன்றுமில்லை. விமானம் வெடுக்கென்று எழுந்து ஒரு சுற்று சுற்றியது. மிதவை குமரேசனின் காதோரம் போனது, கப்பலின் கைப்பிடிக் கம்பியில் இடித்தது. கொக்கி நழுவி, விமானம் நீரில் விழுந்தது.

குமரேசன் கரையேறி வந்தார். அவ்வளவு கோபத்தில் நான் அவரைப் பார்த்ததே இல்லை. குரல் மட்டும் உயரவில்லை.

“யார் சிக்னல்ல தூக்கனீங்க சார்?”

நீங்கள் மாட்டிவிட்டீர்கள், அதனால் தூக்கினேன் என்றார் அருள்.

“மாட்டுனா தூக்கிடறதா? தூக்குன்னு ஒருத்தன்தான் சொல்லணும். கீழ நிக்கறவன். நிறுத்துன்னு யார் வேணா சொல்லலாம், ரோட்ல போறவன்கூடச் சொல்லலாம். தூக்குன்னு ஒருத்தன்தான்.”

பேசிக்கொண்டே கையை நீட்டினார். அருள் ரிமோட்டைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டது குமரேசனுக்கே தெரிந்திருக்காது. நான் தண்ணீரைப் பார்த்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொண்டால் போச்சு.

“மச்சான், நீங்க எறங்குங்க.”

எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். தெரியாதவன்தான் விளிம்புப் பக்கம் போகமாட்டான் என்றார். ஆம்னியிலிருந்த நைலான் கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுமுனையை அருள் கையில் கொடுத்தார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு எனக்குச் சிக்னல் சொல்லிக் கொடுத்தார். ஆள்காட்டி விரல் மேலே பார்த்துச் சுற்றினால் தூக்கு. கீழே பார்த்துச் சுற்றினால் இறக்கு. கையை நீட்டி உள்ளங்கையைக் கீழே காட்டினால் நிறுத்து.

“அப்புறம் ஒண்ணு. நீங்க பேசச் சொல்லோ கைய ஆட்டுவீங்க. இன்னைக்கு அது வேணாம்.”

மாப்பிள்ளை, கையில்லாமல் எனக்கு வார்த்தை வராது என்றேன்.

“வார்த்த வேணாம்.”

தண்ணீர் முதலில் குளிர்ந்தது, பிறகு இறுக்கிப் பிடித்தது. சின்ன மீன்கள் கணுக்காலைக் கொத்தின. விமானத்தைத் திட்டின் உட்பக்கம் இழுத்து வந்தேன். அவர் சொன்னபடி வாலில் ஒரு தூண்டில் நரம்பைக் கட்டிக் கையில் சுற்றிக்கொண்டேன், தூக்கும்போது சுற்றாமல் இருக்க. கப்பலைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தலாம் என்று நான் சொன்னேன். காற்றைக் கப்பல் தாங்கிக்கொண்டால் இந்தப் பக்கம் அடங்கும் என்றேன். குமரேசன் யோசித்து, சரி என்று தலையாட்டினார். அருள் ஒரு கையில் கயிறும் மறு கையில் நான் கொடுத்துவிட்டு வந்த ரிமோட்டுமாகக் கப்பலைத் திருப்பினார். என் இடுப்பைச் சுற்றியிருந்த சிற்றலை படுத்தது. படித்ததை உடம்பில் உணர்வது அதுதான் எனக்கு முதல் தடவை.

கொக்கி உடனே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். குமரேசன் கரையில் வெறும் கொக்கியை மேலே விட்டார், கீழே விட்டார். கிரேனை இடம் திருப்பினார், வலம் திருப்பினார். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, அது நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார். கூண்டில் ஏறியதும் தினமும் முதலில் செய்வது இதுதானாம். எடை எதையும் தொடுவதற்கு முன்னால்.

“லீவர் மொத அரை இஞ்ச் செத்துக் கெடக்குது சார், அதுக்கப்புறம்தான் புடிக்குது” என்றார் அருளிடம். “பரவால்ல. தெரிஞ்சிருச்சு.”

கொக்கி இறங்கியது, என் கைக்கு நேராக, ஆடாமல். மாட்டினேன். கையை எடுத்தேன். விரலைத் தூக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன். அது கால் கிலோ விமானம். தலையில் விழுந்தால் வீக்கம்கூட வராது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவர் யாரும் கால் கிலோ என்று சொல்லமாட்டார்கள். கொக்கிக்குக் கீழே ஓர் ஆள் நிற்கிறான். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. கட்டைவிரல் லீவரின் மேல் இருந்தது, அதன் நகம் வெளுத்திருந்தது.

ஏதாவது சொல்லலாம் என்று வாய் துடித்தது. இருபத்தைந்து வருஷமாக வார்த்தையால் பிழைக்கிறவன் நான். தைரியம் சொல்லலாம், கிண்டல் செய்யலாம். விரலை மறுபடி சுற்றினேன், சின்ன வட்டமாக, அவர் காட்டியது போலவே. சுற்றிக்கொண்டே இருந்தேன்.

கொக்கியின் கயிறு இறுகியது. விமானம் நீரைவிட்டு ஒரு ஜாண் எழுந்து நின்றது.

நின்றேவிட்டது. பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். இல்லை. ஓட்டை மிதவையிலிருந்து நீர் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கனத்து விமானம் சாய்ந்திருந்தது. நீர் வடிய வடிய மெல்ல நிமிர்ந்தது. அது மட்டமாகும்வரை அவர் காத்திருந்தார். முதலில் ஒரு ஜாண் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது சைட்டில் யாரும் மீறாத வழக்கம் என்று பிறகு சொன்னார். எங்கள் கம்பெனி மேனுவலில் அதை எப்படி எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

திரும்ப விரலைச் சுற்றினேன். எழுந்தது. பாதி உயரத்தில் என் கண்ணில் ஒரு சொட்டு விழ, துடைக்கக் கையைத் தூக்கினேன். கிரேன் அந்த நொடியே நின்றது.

“இன்னா மச்சான்?”

கண்ணில் தண்ணீர் என்றேன்.

“தொடச்சிக்கங்க. முடிச்சிட்டுச் சொல்லுங்க.”

துடைத்தேன். விரலைத் தூக்கினேன். விமானம் என் தலைக்கு மேலே போனது. அதன் நிழல் முகத்தில் விழுந்து விலகியது. நரம்பை மெல்ல விட்டுக்கொடுத்தேன். கப்பலின் மேல்தளத்துக்கு நேராக வந்து, கொஞ்சம் ஆடி, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, தன் தொட்டிலில் இறங்கியது. சத்தமே வரவில்லை. பாறைமேல் இருந்த காவல்காரப் பெரியவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒருமுறை தலையாட்டினார்.

காரா பன்

சாப்பிடும்போது யாரும் கிரேனைப் பற்றிப் பேசவில்லை. பிலோமினா ஃப்ளாஸ்கில் காபி கொடுத்து அனுப்பியிருந்தார். வழியில் பேக்கரியில் வாங்கிய காரா பன்கள் இருந்தன. நான் ஈர பேண்டோடு உட்கார்ந்து நடுங்கினேன். குமரேசன் மூன்று பன் சாப்பிட்டார். மூன்றாவதை மெல்லும்போது அருளிடம் போட்டோவைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

“இவன் பேரு இன்னா சார்?”

தெரியாது என்றார் அருள். கப்பல் பேர் இருக்கிறது, கேப்டன் பேர் தேடினால் கிடைக்கும், இவன் பேர் எங்கேயும் இல்லை.

குமரேசன் படத்திலிருந்தவனின் தூக்கிய கையைக் காட்டினார். நாகராஜ் அன்றைக்குக் கீழே விழுந்து படுத்தபோதும் கையை மட்டும் நீட்டி நிறுத்து என்று காட்டினான் என்றார். படுத்த நிலையில், முகம் மண்ணில், கை மட்டும் மேலே. அதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன் என்றார். மூன்று மாதத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை அவர். எங்களிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த நகலிடம் சொன்னார்.

இதே மாதிரி இன்னொருவன் வேண்டும், பொம்மையாகச் செய்து இறக்கைமேல் நிறுத்தப்போகிறேன் என்றார் அருள். பொம்மையால் கொக்கி மாட்ட முடியாதே என்றார் குமரேசன். அப்புறம் இருவரும் கொக்கியின் வடிவத்தைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். ஆம்னியில் ஏறிய பிறகும் ஓயவில்லை. அத்திப்பள்ளி தாண்டும்போது டிராஃபிக்கில் நின்ற ஒரு லாரி கிரேனைக் காட்டி அருளுக்குப் பாடம் நடந்தது. போகும்போது வாய் திறக்காத குமரேசன் ஓசூர் ரோடு முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். நான் பின்னால், கப்பலின் பின்பகுதியை மடியில் வைத்துக்கொண்டு, பல் நடுங்கக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பொம்மனஹள்ளியில் அவர் சந்து முனையில் வண்டி நின்றது. ஞாயிறு மதியம். கார்மென்ட்ஸ் பெண்கள் கூட்டம் கூட்டமாக மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். குமரேசன் இறங்கி, சட்டைப் பட்டனைச் சரிபார்த்தார். கதவைச் சாத்தாமல் நின்றார். நானும் இறங்கி வருகிறேன், தேன்மொழியைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றேன். அவர் கதவின்மேல் கையை வைத்து என்னை உள்ளேயே நிறுத்தினார்.

“இன்னைக்கு வேணாம் மச்சான். அவ ஒரு வார்த்த கேட்டா நீங்க மொத்தத்தையும் ஒளறிடுவீங்க. நாளைக்கு ஏறிட்டு, எறங்கி வந்து, நானே சொல்றேன்.”